தலையாட்டியின் சிவப்புப் பொட்டு

மதினி,

மண்ணெண்ணெய் வாடை இன்னும் விரல்களை விட்டுப் போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இந்தக் காகிதத்திலும் ஏறிவிடும் போலிருக்கிறது.

இன்று ஆயுத பூஜை. நீங்கள் போய் எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனாலும் பட்டறையைத் தூசியோடு விட அண்ணனுக்கு மனம் வரவில்லை. “பொட்டு, மாலை எதுவும் வேண்டாம். தொடச்சு மட்டும் வச்சிருவோம்” என்றார். நான் திருச்சுழியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தேன். பழந்துணியையும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் தலையாட்டியிடம்தான் போனேன். ஏழு வருஷமாக நீங்கள் என்னைத் தொடவிடாத இடம் அது.

அரை மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடமிருந்து அந்த மெஷினைப் பறித்தது அப்பா இல்லை. சத்தம் போட்ட தறிப்பட்டறை முதலாளியும் இல்லை. நான்தான். எனக்கு இன்றுதான் தெரிகிறது. உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வெயில் பட்டறைத் தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்கிறது. தகரம் சூடேறி அவ்வப்போது டப்பென்று விரியும். முதல் தடவை அதைக் கேட்டபோது நீங்கள் பயந்துபோய் அண்ணனைப் பார்த்தீர்கள். அதுதான் இந்தப் பட்டறையில் நீங்கள் பயந்த ஒரே விஷயம்.

மல்லாங்கிணறு ஊரில் உங்கள் அப்பாவின் கிணற்றடியில் ஆயில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பத் தெரிந்தவர் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்று கல்யாணப் பேச்சின்போதே சொன்னார்கள். அப்பாவுக்கு அது குறையாகப் பட்டது. அண்ணனுக்கு அதுதான் பிடித்திருந்தது. அம்மா இல்லாத வீட்டுக்கு நீங்கள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில் இருந்தேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டிய பட்டறைக்குப் போவீர்கள். போனவர் அரை மணி கழித்துத்தான் திரும்புவீர்கள். அண்ணன் ஏலத்தில் எடுத்து வந்த பழைய மில்லிங் மெஷின் அப்போது ஓட்ட ஆளில்லாமல் நின்றது. நான் ஒரு நாள் கேட்டேன், லேத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று. “லேத்துல இரும்பு சுத்தும், உளி சும்மா நிக்கும். இதுல கட்டர் சுத்தும், இரும்பு நகந்து நகந்து வந்து கழுத்தக் குடுக்கும்” என்றீர்கள். நான் படித்த எந்தப் பாடப் புத்தகமும் எதையும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்த மெஷினில் ஒரு குறை இருந்தது. கட்டர் படுக்கை வாட்டில்தான் சுற்றும். இரும்பின் முகத்தைச் சாய்வாகச் சீவ வேண்டுமானால் வழியில்லை. அதற்கென்று தனியாக ஒரு தலை பொருத்துவார்கள், கம்பெனியில் செய்து வருவது நமக்கு எட்டாது என்றார் அண்ணன். “எட்டாட்டி நாமளே செஞ்சுக்கிருவோம்” என்றீர்கள். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைச் சுற்றக் கொடுத்து, வார்ப்புப் பட்டறையில் ஒரு வளையத்தை வார்த்து, இருவரும் சேர்ந்து அந்தத் தலையைச் செய்தீர்கள். மெஷினின் கைமேல் அது உட்காரும். மோட்டார் அதன் முதுகிலேயே இருக்கும். நான்கு போல்ட்டைத் தளர்த்தினால் இடமோ வலமோ வேண்டிய கோணத்துக்குச் சாயும், இறுக்கினால் நிற்கும். அதற்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். “உங்க அண்ணன மாதிரியேதான். எந்தப் பக்கம் இழுத்தாலும் சரி சரின்னு சாயுது. தலையாட்டி!” அண்ணன் லேத்திலிருந்து திரும்பாமலே, “போல்ட்ட இறுக்குனா நிப்பேன்ல” என்றார். “இறுக்குறது யாருங்கேன்?” என்றீர்கள் நீங்கள்.

அந்த வளையத்தில் அண்ணன் தன் கையாலேயே கோணக் கோடுகளை வெட்டினார். நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் எண்கள். தலையில் ஒரு முள். முள் பூஜ்யத்தில் நின்றால் கட்டர் செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். ஆனால் வார்ப்பில் துளை கொஞ்சம் விலகிவிட்டதால் பூஜ்யம் பூஜ்யமாக இல்லை. விருதுநகர்ப் பட்டறையிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்த டயலை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தீர்கள். கடிகாரம் மாதிரி இருக்கும் அந்தக் கருவியின் முள் தலைமயிர் அளவு கோணலையும் காட்டிவிடும். உண்மையான நேர், அண்ணன் வெட்டிய கோட்டுக்கு இடது பக்கத்தில், ஒரு கம்பு மணி அகலம் தள்ளி இருந்தது. அந்த இடத்தில் நீங்கள் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தீர்கள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயிண்ட், உங்கள் அப்பா வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் வந்தது.

துளை விலகியதும், டயல் வந்ததும், பொட்டு வைத்ததும் இன்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். தலையாட்டி ஓடுகிறது, தறிப்பட்டறை வேலையெல்லாம் நமக்கே வருகிறது, ஓட்டுவது நீங்கள், இவ்வளவுதான் கடிதத்தில் வந்தது.

நான் விடுதியில் இருந்ததும் உங்களால்தான். அப்பா என்னை முதல் வருஷத்தோடு நிறுத்தப் பார்த்தார். “ஒருத்தி மெஷின் ஓட்டுறா, ஒருத்தி புஸ்தகம் படிக்கிறா, இது வீடா என்னது?” என்றார். நீங்கள் அடுப்படி வாசலில் நின்று, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. “அவ படிக்கட்டும் மாமா. அவளால இந்த வீட்டுக்கு ஒரு சின்னக் கெடுதல் வந்தாலும், நானே போய்க் கூட்டியாந்து அடுப்படியில உக்கார வைக்கிறேன். இது எம் பொறுப்பு.” அப்பா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அடுப்படியில் சுண்டலுக்கும் பொங்கலுக்கும் நடுவே நின்றீர்கள். அண்ணன் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில், பட்டறையைத் துடைக்கிற வேலையை நான் உங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். “சொம்மா மேலாக்கத் தொடை போதும், புள்ள” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள். நான் மேலாக்கத் துடைக்கிறவள் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தால், அதை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவேன். எனக்குச் சுத்தம் வேண்டும். லேத்திலும் பட்டறைக் கல்லிலும் போன வருஷக் குங்குமம் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். தலையாட்டியின் வளையத்தில் ஒரு சின்னச் சிவப்பு, அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி. யார் இப்படிக் கோணலாகப் பொட்டு வைத்தது என்று நினைத்தேன். மண்ணெண்ணெய்க்கு அது போகவில்லை. உப்புத்தாளைக் கிழித்து மடித்துத் தேய்த்தேன். பிறகு சந்தனம் குழைத்து, அழகாக நடுவில், பூஜ்யத்துக்கு நேர் மேலே வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிர வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் சந்தனம் உதிர்ந்து, குங்குமம் எண்ணெயில் ஒட்டி, அந்த இரும்பில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்திருக்கும். நீங்கள் போல்ட்டைத் தளர்த்தி, முள்ளைச் சிவப்புக்கு நேராக நிறுத்தி, அங்கிருந்து கோணத்தை எண்ணி இறுக்கியிருப்பீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழகிய கண். சிவப்பைத் தேடும், கண்டதும் நிற்கும். அன்றைக்குச் சீவியது தறிக்கான பிராக்கெட். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறதே, அது வந்து அடங்கும் பெட்டியைத் தாங்குவது. முப்பது சொச்சம் பிராக்கெட். அத்தனையும் ஒரு கம்பு மணி கோணல்.

தீபாவளிக்கு நான் மறுபடி வந்து, விடுதிக்குத் திரும்ப இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆகவே எல்லாம் என் கண்முன்தான் நடந்தது. தறிப்பட்டறை முதலாளி ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அவர் பட்டறையில் நாடா தறியை விட்டுப் பறந்து, பக்கத்துத் தறியில் நின்றவரின் கன்னத்தில் அடித்திருந்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

“இத அறுத்தது யாரு?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், “நாந்தேன்” என்றீர்கள்.

“பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான்!” என்று ஆரம்பித்தவருக்குக் கோபம் ஏற ஏறத் தமிழ் போய் வீட்டுக் கன்னடம் வந்துவிட்டது. எங்களுக்குப் புரியாது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நீங்கள் கோணமட்டத்தை எடுத்துப் பிராக்கெட்டில் வைத்துப் பார்த்தீர்கள். தலையாட்டியிடம் போனீர்கள். வளையத்தில் விரலை வைத்துத் தேய்த்தீர்கள். விரலைப் பார்த்தீர்கள். குங்குமம் அப்படியே விரலோடு வந்திருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

மதினி, அந்தப் பார்வையை நான் பயம் என்று நினைத்தேன். ஏழு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வாசலில் நின்றார். “எப்படி நடந்துச்சாம்?” என்று கேட்டார்.

“மெஷின் மேல தப்பில்ல மாமா. எங் கவனம்தான்” என்றீர்கள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டீர்கள்.

“இனிமே அந்த மெஷின் பக்கம் நீ போகக் கூடாது.” அப்பா அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் தலைகுனிந்து நின்றார். நீங்கள் போய்க் கைகழுவிவிட்டு உலைவைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் நான் உங்களிடம் சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும். தப்பித்துக்கொள்ள இனி இடமில்லை. நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். ஒரு மனுஷனின் கண் போயிருக்கும் என்று எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. “கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல மதினி” என்றேன்.

களைந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றினீர்கள். “இருந்திருக்கலாம்” என்றீர்கள். “ஊருக்குக் கெளம்ப எல்லாம் எடுத்து வச்சிட்டியா? அப்பா மறுபடி பேச்செடுக்கறதுக்கு முன்னால போயிரு.”

மறுநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டீர்கள். வழி நெடுக, அடிபட்டவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனதைப் பற்றித்தான் பேசினீர்கள். வாயைத் திறக்க முடியாமல் அவர் ஓரமாக உறிஞ்சிக் குடித்தாராம். “அவுக என்னயத் திட்டக்கூட இல்ல. திட்டுனா வலிக்குமாம்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிக்கிறாரே என்று எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு விருதுநகரிலிருந்து ஓர் ஆள் வந்து மில்லிங் மெஷினை ஓட்டினார். நீங்கள் அடுப்படியில் இருந்தபடி காதால் ஓட்டினீர்கள். “கட்டர் மழுங்கிருச்சுன்னு போய்ச் சொல்லு உங்க அண்ணன்கிட்ட. இழுக்குது பாரு சத்தம்” என்பீர்கள். சரியாகத்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று மட்டும், பட்டறைக்குள் வருவீர்கள். நான் துணியோடு தலையாட்டியிடம் போனால் என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொள்வீர்கள். “இத நான் பாத்துக்கிறேன். நீ லேத்தத் தொடை.” பிரிந்த மெஷினை ஒரு நாளாவது தொட ஆசைப்படுகிறார் என்று எண்ணி நகர்ந்துகொள்வேன். என் கண் கலங்கும். மதினி, என் கண்ணீரை நினைத்தால் இப்போது எனக்குக் கூசுகிறது. நீங்கள் காத்தது மெஷினை என் கையிலிருந்து.

இன்று காலை துடைத்தபோது வளையத்தில் சிவப்பாக ஒரு புள்ளி துணிக்கு வரவில்லை. என் கை தானாக உப்புத்தாளை எடுத்துவிட்டது. மடித்தும்விட்டேன்.

“ஏய் ஏய்! அதத் தொடாத!” என்று அண்ணன் லேத்திலிருந்து கத்தினார். ஓடி வந்தார். “அது பஞ்ச் உளிய வச்சு அடிச்ச குழி. உள்ள பெயிண்டு. தேச்சாலும் போகாது, இருந்தாலும் தொடாத. இந்தத் தலைக்கு நேர் அதான்.”

“யாரு அடிச்சா?”

“உங்க மதினிதான். நாடா பறந்துச்சுல்ல, மறுநாளே போய் டயல வாங்கிட்டு வான்னு ஒத்தக் கால்ல நின்னா. அப்பா வெளிய போன நேரமாப் பாத்து டயல வச்சு, கையால பஞ்ச் அடிச்சு, அதுக்குள்ள பெயிண்ட விட்டா. ‘இனிமே யாராலயும் அழிக்க முடியாது’ன்னா. முன்னால வெறும் பெயிண்டுப் பொட்டுதான் அங்க இருந்துச்சு. அந்தப் பூஜைக்குத் தொடைக்கும்போது கவனமில்லாம உப்புத்தாளப் போட்டுத் தேச்சிட்டாளாம். அவ வச்ச பொட்ட அவளே அழிச்சிருக்கா பாரு.” துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கைவேலையில அவ பண்ணுன ஒரே தப்பு.”

அந்தப் பூஜைக்கு நீங்கள் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை. உப்புத்தாளை எடுத்தது யார் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வளையத்தில் உரசல் கோடுகளைப் பார்த்து நீங்களும் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். மடித்த தாள் என் கையில் இருந்தது. அதைக் கீழே போடத் தோன்றவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்து, “என்னடி, மயக்கமா வருதா?” என்றார்.

சொன்னேன். நின்ற இடத்திலேயே சொன்னேன்.

அண்ணன் முதலில் சிரித்தார். நான் உங்களுக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப அவ மேல தப்பே இல்லியா?” என்று கேட்டார். மறுபடியும் அதையே கேட்டார். தலையாட்டியின் மோட்டார்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைவிட்டு உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் அப்போது பார்த்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் உங்கள் பக்கத்தில் படுத்து எழுந்தவர், ஒரு நாளும் சந்தேகப்படாதவர், சந்தேகப்படாமல் மன்னித்தவர். மன்னிக்க எதுவுமே இருக்கவில்லை என்று அவருக்கு இன்று தெரிந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வாரப் பத்திரிகையில் நான் வாசித்துக் காட்டும் துப்பறியும் தொடர்களை நீங்கள் கேலி செய்வீர்களே, அது நினைவு வந்தது. “கடைசி வாரம் எல்லாரையும் உக்கார வச்சு ஒருத்தனக் கையக் காட்டிப்புடறாக. சரி. அதுக்கப்புறம் அந்த வீட்ல எப்படி எல்லாரும் சோறு திம்பாக? அத எழுதச் சொல்லு அந்த ஆளை.” நான் அப்போது சிரித்தேன். இன்று பார்த்தேன், மதினி. அப்பா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். நீங்கள் வழக்கமாகப் பரிமாறிக்கொண்டு நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம் பொறுப்புன்னாளே அன்னைக்கு” என்றார். மூன்று தட்டுச் சோறும் அப்படியே காய்ந்தது.

நீங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. என்னால் ஒரு சின்னக் கெடுதல் வந்தாலும் நீங்களே வந்து என்னைக் கூட்டிப் போக வேண்டும். வந்தது சின்னக் கெடுதல் இல்லை. என்னைக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டிய அடுப்படியில் நீங்கள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் பட்டம் வாங்கினேன். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கினேன். எனக்கென்று அலமாரி நிறையப் புத்தகம். ஒவ்வொன்றையும் பென்சில் கோடு இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

கன்னத்தில் தழும்பு உள்ள அந்தத் தறிக்காரரை நான் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதுண்டு. நீங்கள் இருந்தவரை, பார்க்கும்போதெல்லாம், “மதினி சௌக்கியமா?” என்று கேட்பார். உங்கள் காரியத்துக்கும் வந்திருந்தார். நாளைக் காலையில் அவர் வீட்டுக்குப் போவேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். அவர் திட்டினால் நல்லது.

இதுவரை எழுதிவிட்டுச் சாயங்காலம் எழுந்து போனபோது அண்ணன் தலையாட்டிக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அடுத்த வருஷம் பொட்டு வைக்கிற பூஜை வரும். “அண்ணே, அடுத்த வருஷம் இத நான் சரியாத் தொடச்சு வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றை முடிந்துகொண்டே, “இத நான் பாத்துக்கிறேன். நீ லேத்தத் தொடை” என்றார். உங்கள் சொற்கள், ஒன்றுகூட மாறாமல். அவர் அறிந்து சொன்னாரா என்று தெரியவில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் கையெழுத்தில் நாலு கடிதம், பெயிண்ட் காய்ந்த சின்ன டப்பா, அண்ணன் இன்று எடுத்துக் கொடுத்தது. இவையெல்லாம் அலமாரியில் இருக்கும். எங்கே போனாலும் என்னோடு வரப்போவது ஒன்றுதான். அன்று அந்தச் சிவப்பு மண்ணெண்ணெய்க்குப் போகவில்லை. நகத்துக்குப் போகவில்லை. உப்புத்தாளிலும் நாலைந்து தேய்ப்பு பிடித்தது. என் கட்டைவிரலுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடுப்படி இருபது அடி தூரம். “மதினி, இது என்னது?” என்று ஒரு குரல் கொடுக்க அத்தனை நேரம் எனக்கு இருந்தது.